என் பத்து ஆல்பங்களை இன்னொருவன் வாசித்தான்

தேவிபட்டினத்தில் காலை ஏழு மணி பஸ்ஸில் ஏறினால் ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டில் இறங்குவதற்குள் ஒரு ஹெவி மெட்டல் ஆல்பத்தைக் கேட்டு முடித்துவிடலாம். நாற்பது நிமிடம். அமாவாசையன்று கடலுக்குள் இருக்கும் நவபாஷாணக் கோயிலில் தர்ப்பணம் கொடுக்க வந்த கூட்டம் ஏறினால் ஐம்பது. அப்போது கடைசிப் பாட்டை இரண்டாம் முறை கேட்பேன்.

ராமநாதபுரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீசியனாக இருக்கிறேன். எட்டு மணிக்கு முன்னால் வெறும் வயிற்றோடு வரிசையில் நிற்பவர்களுக்கு ரத்தம் எடுக்க வேண்டும். அதற்கு முன் கிடைக்கும் அந்த நாற்பது நிமிடத்தில் என்னிடம் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். நாளிலேயே எனக்கென்று உள்ள நேரம் அதுதான், பிறகு சாயங்காலம் திரும்பி வரும் நாற்பது நிமிடம்.

ஹெட்போனிலிருந்து கொஞ்சம் சத்தம் வெளியே கசியும். ஒரு முறை பக்கத்தில் உட்கார்ந்திருந்த மீன்கார அம்மா என் தோளைத் தட்டி, "ஏத்தா, காதுக்குள்ள படகு எஞ்சினு ஏதும் ஓடுதா?" என்று கேட்டார்.

"பாட்டுத்தான் கேக்குறேன்."

"பாட்டா?" என்று என் முகத்தையே பார்த்தார். நம்பவில்லை. இறங்கும்போது, "ஒடம்பப் பாத்துக்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இது எனக்கு மதுரையில் ஒட்டியது. லேப் படிப்புக்காக ஹாஸ்டலில் தங்கியிருந்தபோது என் அறையில் நாகாலாந்துப் பெண் ஒருத்தி இருந்தாள். நர்சிங் படித்தாள். அவளுக்குத் தமிழ் வராது, எனக்கு அவள் பேசும் இங்கிலீஷ் பாதிதான் புரியும். ஒருநாள் நான் வீட்டோடு போனில் சண்டை போட்டுவிட்டுக் கட்டிலில் கிடந்தேன். அவள் தன் இயர்போனில் ஒன்றை எடுத்து என் காதில் வைத்தாள். முதலில் பயந்துவிட்டேன். யாரோ தொண்டை கிழிய உறுமுகிறார்கள், பின்னால் கல் உடைப்பதுபோல டிரம்ஸ். ஆனால் அந்தப் பாட்டு முடிந்தபோது, நான் அம்மாவிடம் சொல்ல நினைத்துச் சொல்லாமல் விட்டதையெல்லாம் யாரோ சத்தமாகச் சொல்லி முடித்துவிட்டதுபோல இருந்தது. அவள் ஊருக்குப் போய்விட்டாள். பாட்டு என்னோடு தங்கிவிட்டது.

கல்யாணமாகி தேவிபட்டினம் வந்த பிறகுதான் பட்டியல் போடத் தொடங்கினேன். தமிழில் மெட்டல் பேசுகிறவர்களுக்கென்று போனில் ஒரு குழு இருந்தது. அதில் ஒரு மீனின் பெயரை வைத்துக்கொண்டு சேர்ந்தேன். ஆணா பெண்ணா என்று அதில் தெரியாது. ஒவ்வொரு டிசம்பரிலும் அந்த ஆண்டு வெளிவந்தவற்றில் எனக்குப் பிடித்த பத்து ஆல்பங்களை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றையும் பற்றி ஒரு பத்தி எழுதிப் போடுவேன். சும்மா கேட்டதை எழுதிவிட மாட்டேன். போகிற பஸ்ஸில் ஒரு முறை, வருகிற பஸ்ஸில் ஒரு முறை, ஒரு மாதம் கழித்து மறுபடி ஒரு முறை. மூன்றாம் முறையும் நின்றால்தான் பட்டியலுக்குள் வரும். பத்தை முடிவு செய்ய முப்பது நாற்பது ஆல்பங்களாவது கேட்டிருப்பேன். எழுதுவது சாப்பாட்டு நேரத்தில், ரிப்போர்ட் டைப் செய்யும் மேஜையில், பழைய ரிப்போர்ட்டின் பின்பக்கத்தில்.

ஆறாவது டிசம்பரில் போட்ட பட்டியலை மட்டும் இன்றைக்கும் பார்க்காமல் சொல்வேன். முதலிடம், சுரங்கம் மூடிப்போன ஒரு குளிர் நாட்டு ஊரிலிருந்து நான்கு பெண்கள் போட்ட முதல் ஆல்பம். அப்பாக்கள் வேலையிழந்து வீட்டில் உட்கார்ந்திருந்ததைத்தான் ஒன்பது பாட்டிலும் பாடியிருந்தார்கள். நான்காவது, மிக மெதுவாக நகரும் ஒன்று. அதில் மூன்றாம் பாட்டு பாதியிலேயே நின்றுவிடும், பிறகு ஒரு நிமிடம் வெறும் மூச்சுச் சத்தம். ஏழாவது, மலைநாட்டுப் பையன்கள் தங்கள் தாய்மொழியிலேயே பாடியது. பத்தாவது, தொண்டையில் ஆபரேஷன் செய்துகொண்டு திரும்பி வந்த ஒரு வயதான பாடகருடையது. குரல் முன்புபோல இல்லை. அதனாலேயே அதைச் சேர்த்தேன்.

இரண்டாம் இடத்தில் இருந்த ஆல்பத்துக்கு ஒரு கதை உண்டு. என் வீட்டுக்காரர் ராமேஸ்வரத்தில் வேன் ஓட்டுகிறார். கோயிலுக்கு வருகிறவர்களைத் தனுஷ்கோடி கூட்டிப்போய்க் காட்டிவிட்டுத் திருப்பிக் கொண்டுவந்து விடுவார். ஆடி மாதத்து ஞாயிறு ஒன்றில் வேனில் இடம் இருந்ததால் நானும் போனேன். கச்சான் காற்று அடிக்கும் காலம். மேற்கிலிருந்து வரும் அந்தக் காற்று, ரோட்டையே மணலால் மூடிவிடும். கால் ஆடுசதையில் மணல் வந்து அடித்தால் ஊசி குத்துவதுபோல இருக்கும். பயணிகள் படமெடுத்துவிட்டு ஓடி வந்து வேனுக்குள் ஏறிக்கொண்டார்கள். நான் மட்டும் வெளியே நின்று அந்த ஆல்பத்தைக் கேட்டேன். டிசம்பரில் அதைப் பற்றி இப்படி எழுதினேன்: "இதன் கிதார் கச்சான் காற்றில் வரும் மணல்போல மேலே வந்து அடிக்கிறது. எரிகிறது, ஆனாலும் உள்ளே போய்க் கதவைச் சாத்தத் தோன்றவில்லை."

பட்டியலைக் குழுவில் போட்டேன். பத்துப் பதினைந்து பேர் நன்றாக இருக்கிறது என்றார்கள். அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

பொங்கலுக்கு முன்னால் ஒரு நாள் சாயங்கால பஸ்ஸில் யூடியூப்பில் ஒரு வீடியோ தானாக வந்து நின்றது. சென்னையில் இசை பற்றிப் பேசும் ஒருவனுடைய சேனல். நிறையப் பேர் பார்ப்பது. அவர் என்று எழுத மனம் வரவில்லை, அவன் என்றே எழுதுகிறேன். "இந்த வருஷத்தோட டாப் டென் மெட்டல் ஆல்பம்ஸ்" என்று ஆரம்பித்தான். சரி, இவன் என்ன சொல்கிறான் பார்ப்போம் என்று கேட்டேன்.

பத்தாவதாக அந்த வயதான பாடகர். அட, என்று சந்தோஷமாக இருந்தது. நம்மைப்போல ஒருத்தன் இருக்கிறானே. ஒன்பதாவதும் என்னுடைய ஒன்பதாவது. எட்டாவது வந்தபோது என் வாக்கியத்தை அப்படியே சொன்னான். ஏழாவதுக்கு என் பத்தி முழுவதும். ஏற்ற இறக்கத்தோடு, கண்ணை மூடித் திறந்து, யோசித்து யோசித்துச் சொல்வதுபோல. இரண்டாம் இடம் வந்தது. அவன் சொன்னான்: "இதோட கிதார் இருக்கே, அப்படியே கச்சான் காத்து மாதிரி, சில்லுன்னு வந்து தழுவும்."

சில்லுன்னு! தழுவும்!

பஸ்ஸில் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்போல. முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். திருடியதுகூட இரண்டாம் பட்சம். கச்சான் காற்று எந்த ஊரில் சில்லென்று வந்து தழுவியது? அதில் ஒரு நாள் நின்றிருந்தால், கண்ணுக்குள் மணல் விழுந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு நடந்திருந்தால், அந்த வார்த்தை வாயில் வருமா? என்னுடையதை எடுத்தவன் அதை எடுத்தபடியாவது வைத்திருக்கக் கூடாதா?

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் வீடியோவைக் காட்டினேன். அவர் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "இதுக்கு என்ன இப்ப?" என்றார்.

"இது நான் எழுதுனது. அப்படியே வாசிக்கிறான்."

"நீ எழுதுனதா?" என்றார். திகைத்துப் போய்க் கேட்டார். "நீ இதெல்லாம் எழுதுவியா?"

ஆறு வருஷம். ஆறு டிசம்பர். சமையலறையில் நின்று பத்தாவதா ஒன்பதாவதா என்று தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டிருப்பேன். மனிதர் ஒரு நாளும் என்னவென்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை என்பது பிறகுதான் உறைத்தது. அன்றைக்கு உறைக்கவில்லை. அன்றைக்கு அவர் மேலும் சேர்த்துக் கோபப்பட்டேன்.

"விடுத்தா, பாட்டு லிஸ்ட்டுதான. பொருள் எதையும் எடுத்துட்டுப் போகலையே" என்றார்.

தட்டை மேஜையில் வைத்துவிட்டு அந்தப் பக்கம் போய்விட்டேன். பொருளை எடுத்தால் மட்டும்தான் திருட்டா?

மறுநாள் குழுவில் எழுதினேன். என் பதிவு என்றைக்குப் போட்டது, அவன் வீடியோ என்றைக்கு வந்தது, இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். ஒரு குழந்தைக்குக்கூடப் புரியும். குழுவை நடத்துகிறவர் பதில் போட்டார்: "ரசனை ஒத்துப்போறது சகஜம்தானே." இன்னொருவர் எழுதினார்: "ரெண்டு பேருமே ஏதாவது இங்கிலீஷ் சைட்ல இருந்து எடுத்திருப்பீங்க ப்ரோ. தமிழ்ல யாரு இப்படி யோசிச்சு எழுதுறா?"

எந்த இங்கிலீஷ்காரன் கச்சான் காற்றைப் பற்றி எழுதினான்? டைப் செய்து தீராது என்று, மாடியில் துணி காயும் இடத்துக்குப் போய் நின்று வாய்ஸ் மெசேஜ் போட்டேன். "நான் ப்ரோ இல்ல. பொம்பள. தேவிபட்டினத்துல இருக்கேன். அந்தப் பத்து ஆல்பத்தயும் பஸ்ஸுல போகயில வரயில கேட்டு நானேதான் எழுதுனேன். எதப் பத்தி வேணும்னாலும் கேளுங்க, இப்பவே சொல்றேன்."

பதில்கள் ஒவ்வொன்றாக வந்தன. "அக்காவா நீங்க?" "நம்பவே முடியல சிஸ்டர்." ஒருவர், "உங்க ஹஸ்பெண்ட் மெட்டல் கேப்பாரா?" என்று கேட்டார். ஆறு வருஷமாக என் பட்டியலைப் பார்த்து ஆல்பம் வாங்கியவர்தான் அவர். எனக்கு எழுதிக் கொடுத்தது என் வீட்டுக்காரராக இருக்கும் என்று நினைக்கிறார்! வேனில் ஏறினால் பழைய சினிமாப் பாட்டைத் தவிர வேறு எதையும் போடாத மனிதர் என் வீட்டுக்காரர். ஒருவர்கூட ஆல்பங்களைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் இதைச் சொல்ல எனக்கு ஒருத்திதான் இருந்தாள். மருந்துக் கவுண்டரில் இருப்பவள். அவள் அப்பா அம்மா இலங்கையிலிருந்து படகில் வந்தவர்கள், அவள் மண்டபம் முகாமில் பிறந்தவள். மெட்டல் என்றால் அவளுக்குத் தலைவலி. ஆனால் நான் சொல்லி முடிப்பதற்குள் என்னைவிட அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. வீடியோவைத் தேடிப் பார்த்துவிட்டு, "ஞாயித்துக்கெழமை லைவ்ல வாரானாம், கேள்வி கேக்கலாமாம். கேளு அக்கா. நானும் கேக்குறேன்" என்றாள்.

ஞாயிறு பதினோரு மணிக்கு மீனைக் கழுவி மூடி வைத்துவிட்டு உட்கார்ந்தேன். அவன் புதுச் சட்டையில் வந்தான். "நீங்கதான் திருடுனீங்க" என்று எழுதினால் நீக்கிவிடுவான் என்று தெரியும். அதனால் சாதாரணமாகக் கேட்டேன்: "கச்சான் காற்று என்று சொன்னீர்களே, அது என்ன காற்று?" கண்டுகொள்ளவில்லை. மறுபடி போட்டேன். மருந்துக் கவுண்டர்க்காரியும் அதையே போட்டாள். மூன்றாம் முறை வேறு இரண்டு பேரும் "ஆமா, அது என்ன?" என்று கேட்டார்கள்.

அவன் சிரித்தான். "அதெல்லாம் நம்ம மண்ணோட வார்த்தைங்க. நாமதான் மறந்துட்டோம்" என்றான். சொல்லிக்கொண்டே குனிந்து போனைத் தட்டினான். தேடுகிறான் என்று நெற்றியில் எழுதி ஒட்டியிருந்தது. நிமிர்ந்து சொன்னான்: "கச்சான்னா வேர்க்கடலை. வேர்க்கடலை விளையுற சீசன்ல கொல்லையில சில்லுன்னு அடிக்கும் பாருங்க, அந்தக் காத்து."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. வேர்க்கடலை எங்கிருந்து வந்தது? அதற்குள் தூத்துக்குடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த யாரோ ஒருவர் எழுதினார்: "அண்ணே, கச்சான்னா மேலக்காத்துண்ணே. கடலுக்குப் போறவங்க யாரயாச்சும் கேளுங்கண்ணே." அதன் பிறகு கடலை கடலையாக வந்து விழுந்தது. வறுத்த கடலையா அவித்த கடலையா என்று ஒருவர் கேட்டார். நான் அந்தச் சமயத்தில் என் பழைய பதிவின் தேதியோடு அந்த வரியை அப்படியே போட்டேன். போட்டதை ஜனங்கள் பார்த்தார்கள். அவன் "நெட் கொஞ்சம் ப்ராப்ளம்" என்று சொல்லிவிட்டு மறைந்துபோனான்.

போன் அடித்தது. மருந்துக் கவுண்டர்க்காரிதான். சிரிப்பில் அவளுக்குப் பேச வரவில்லை. "அக்கா, எங்க வீட்டுப் பாஷைல கச்சான் எண்டா நிலக்கடலைதான். அம்மா இப்பவும் கச்சான் வாங்கிட்டு வா எண்டுதான் சொல்லும். அந்தாளு இலங்கைத் தமிழப் பாத்து வாசிச்சிருக்கான்!" நானும் சிரித்தேன். சிரித்து முடித்ததும் கோபம் மறுபடி அப்படியே வந்து உட்கார்ந்தது.

திங்கட்கிழமை சாப்பாட்டு நேரத்தில் அவனே கூப்பிட்டான். குழுவை நடத்துகிறவர் நம்பரைக் கொடுத்திருக்கிறார், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல்.

"மேடம், ஒரு மிஸ்அண்டர்ஸ்டாண்டிங். என் டீம்ல ஒரு பையன் ஸ்கிரிப்ட் எழுதினான், அவன் எங்கேர்ந்து எடுத்தான்னு எனக்குத் தெரியாது."

"கண்ண மூடித் தெறந்து யோசிச்சு யோசிச்சுச் சொன்னது நீங்கதான?"

"விடுங்க மேடம். நான் ஒரு ஐடியா சொல்றேன். நாங்க கேமராவோட உங்க ஊருக்கே வர்றோம். நீங்க சேலை கட்டி, பூ வச்சு, பின்னாடி கடல். மீன் வெட்டிக்கிட்டே ஹெட்போன்ல மெட்டல் கேக்குறீங்க. செம வைரல் ஆகும்."

நான் தினமும் சுடிதாரும் அதன் மேல் வெள்ளைக் கோட்டும் போட்டுக்கொண்டு ரத்தம் எடுத்த டியூப்களுக்கு லேபிள் ஒட்டுகிறவள். அவனுக்கு அது வேண்டாம். என்னை ஒரு வேடிக்கையாக ஆக்கித் தெருவில் நிறுத்த வேண்டும்.

"நாலாவது ஆல்பத்துல மூணாவது பாட்டு ஏன் பாதில நிக்குதுன்னு கேளுங்க, ஒரு மணி நேரம் பேசுறேன்" என்றேன். "எங்கேயிருந்து பேசச் சொன்னாலும் பேசுறேன். பூ வைக்க மாட்டேன்."

"அதெல்லாம் ஆடியன்ஸுக்குப் போகாது மேடம்."

"அப்ப வீடியோவ எடுத்துருங்க."

எடுக்கவில்லை. இரண்டு நாள் கழித்து அந்த வீடியோவின் அடியில், "உதவி: ராமநாதபுரத்துச் சகோதரி ஒருவர்" என்று ஒரு வரி சேர்த்தான். உதவி! அவன் சமைத்துக்கொண்டிருந்தபோது நான் வெங்காயம் உரித்துக் கொடுத்தேனா? முழுச் சமையலும் என்னுடையது. யூடியூப்புக்குப் புகார் கொடுத்தேன், பதில் இல்லை. வீடியோ இன்னும் இருக்கிறது. "சில்லுன்னு" என்ற இடத்தில் நிறையப் பேர் ரசித்திருக்கிறார்கள்.

அந்த வாரக் கடைசியில் என் வீட்டுக்காரர் வேனைக் கழுவிக்கொண்டிருந்தவர் ஈரக் கையோடு உள்ளே வந்து, "அந்த லிஸ்ட்டக் குடு, படிச்சுப் பாக்குறேன்" என்றார். போனைக் கொடுத்தேன். வாசல்படியில் உட்கார்ந்து முழுவதும் படித்தார். எத்தனை புரிந்தது என்று தெரியாது. இரண்டாம் ஆல்பத்தில் நிறுத்தி, "அன்னைக்குத் தனுஷ்கோடியில நீ வண்டிக்குள்ள ஏறாம நின்னது இதுக்குத்தானா?" என்று கேட்டார். "நான் என் மேலதான் ஏதோ கோவம்னு நெனச்சு அங்கன வரைக்கும் வந்துட்டுத் திரும்பிட்டேன்."

"கேட்டிருக்கலாம்ல."

"கேட்டிருக்கலாம்" என்றார். அவர் மேலிருந்த கோபம் மட்டும் அன்றைக்குக் குறைந்தது.

குழுவிலிருந்து விலகிவிட்டேன். சும்மாவும் இருக்க முடியவில்லை. ஒரு விடுமுறை நாள் பகலில் பீரோ இருக்கும் அறைக்குள் போய் என் பட்டியலை நானே வாசித்துப் பதிவு செய்து யூடியூப்பில் போட்டேன். ஒவ்வொரு ஆல்பத்துக்கும் ஏன் அந்த இடம் என்று சொன்னேன். வெளியே காக்கை கத்தியது, பக்கத்து வீட்டில் குக்கர் விசிலடித்தது, எதையும் வெட்டவில்லை. என் ஊர், என் வேலை, என் பெயர், மூன்றையும் முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் தொடங்கினேன். கேட்டவர்கள் கொஞ்சம்தான். அவனுடைய ஆட்களோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. அதிலும் சிலர், குரல் நன்றாக இருக்கிறது, சினிமாப் பாட்டு பாடலாமே என்று எழுதினார்கள்.

அடுத்த டிசம்பரிலும் வாசித்துப் போட்டேன். இந்த முறை திருநெல்வேலிக்காரன் ஒருவன் நீளமாக எழுதியிருந்தான். நான் பெண் என்றோ, என் ஊர் இது என்றோ ஒரு வார்த்தை இல்லை. ஐந்தாவது இடத்தில் நான் வைத்த ஆல்பம் முதலிடத்தில் இருந்திருக்க வேண்டுமாம். முதலிடத்தில் வைத்தது வெறும் வேகமாம், உள்ளே சரக்கு இல்லையாம். எனக்குச் சுர்ரென்று ஏறியது. அந்த வேகத்துக்குள் இரண்டு கிதார்களும் ஒன்றையொன்று எப்படித் துரத்துகின்றன என்பதை எந்த நிமிடம், எந்த நொடி என்று குறித்து எழுதினேன். அவன் விடவில்லை. வேறு நிமிடத்தையும் நொடியையும் எடுத்துக்கொண்டு வந்தான். பஸ்ஸில் எழுதினேன், ரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்கும் இயந்திரத்தின் பக்கத்தில் நின்று எழுதினேன், சோறு வடிக்கும்போது எழுதினேன். இரண்டு நாள் சண்டை.

அவன் சொன்னது தப்பு. மறுபடி இரண்டு முறை கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன், தப்புதான்.